பிறந்த வீட்டை வரையக் கிளம்புகிறவர்களுக்கு: சென்னைக் கடைகளில் எதை வாங்கலாம், எதை விடலாம்

யாழ்ப்பாணம், பினாங்கு, ரங்கூன், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். சின்ன வயதில் இருந்த வீடு இப்படிக் கடல் தாண்டி எங்கோ இருக்க, சென்னையில் குடும்பம் நடத்துகிறவர்கள் கொஞ்ச நஞ்சமல்ல. 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்தவர்கள், அதே காலத்தில் பர்மாவில் கடையையும் வீட்டையும் விட்டுவிட்டுக் கப்பலேறியவர்கள், 1983க்குப் பிறகு வந்தவர்கள், அப்பாவின் வேலை முடிந்து மலேசியாவிலிருந்து திரும்பியவர்கள் எனப் பல வகை. அவர்களில் சிலர் இப்போது அந்த வீட்டை ஒருமுறை பார்த்து வரைந்துகொண்டு வரலாம் என்று டிக்கெட் போடுகிறார்கள். பயணத்துக்கு முந்தின வாரம் பாரிமுனைக்குப் போய், கண்ணில் பட்ட பெரிய வண்ணப் பெட்டியை வாங்குகிறார்கள். பணம் வீணாவது அங்கேதான்.

இந்த மதிப்புரை வாட்டர்கலர் சாமான்களுக்கு மட்டும். ஆயில் கலரை இதில் சேர்க்கவில்லை. டர்பென்டைன் தீப்பற்றும் திரவம் என்பதால் விமானத்தில் கைப்பையிலும் விடமாட்டார்கள், பெட்டியிலும் விடமாட்டார்கள். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: வண்ணங்களின் எண்ணிக்கையில் கஞ்சம் பிடியுங்கள், தாளில் பிடிக்காதீர்கள், உயரம் குறைந்த மடக்கு முக்காலி ஒன்றைக் கட்டாயம் வாங்குங்கள்.

வண்ணப் பெட்டி

கடைகளில் மூன்று ரகம் கிடைக்கிறது. முதலாவது 36, 48 வில்லைகள் கொண்ட பிளாஸ்டிக் பெட்டி. பார்க்கப் பளபளப்பு, விலையும் குறைவு. ஆனால் நிறமியைவிட நிரப்புப் பொடி அதிகம். பிரஷ்ஷை ஈரமாக்கி வில்லையில் தேய்த்தால் கூழ் மாதிரி வரும். காய்ந்ததும் சாக்பீஸ் பூசியது போல வெளுத்துவிடும். மேலே இரண்டாவது பூச்சு கொடுத்தால் கீழே இருப்பது கரைந்து சேறாகும். பேரப்பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கலாம், பயணத்துக்கு வேண்டாம்.

இரண்டாவது, 12 அரைப் பான் (காய்ந்த வண்ணம் அடைத்த சின்னக் கிண்ணம்) கொண்ட மாணவர் ரகப் பெட்டி. உள்ளங்கை அகலம்தான் இருக்கும், மூடியே கலக்கும் தட்டு. பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். ஆனால் பெயரில் 'ஹ்யூ' என்று இருந்தால் அது அசல் நிறமி அல்ல, அதே சாயலுக்கு மலிவான மாற்று. அது பெரிய குற்றமில்லை. கவனிக்க வேண்டியது, பானின் உறையிலோ டியூபின் பின்பக்கத்திலோ அச்சாகியிருக்கும் நிறமிக் குறியீட்டை. பிபி29 என்றால் அல்ட்ராமரின், பிபிஆர்7 என்றால் பர்ன்ட் சியன்னா போன்ற மண் நிறங்கள், பிஒய்42 மஞ்சள் ஆக்கர், பிவி19 குவினாக்ரிடோன் ரோஸ். இவை வெயிலுக்கு நின்று பிடிக்கும். பிஆர்83 என்று போட்டிருந்தால் அது அசல் அலிஸரின் கிரிம்சன். வெளிச்சத்தில் வெளிறிப்போகும் நிறமி. ஓடு, செம்பருத்தி, அம்மாவின் புடவை என்று முக்கியமான சிவப்பையெல்லாம் அதில் தீட்டிவிட்டு ஹாலில் மாட்டினால், சில வருஷத்தில் படத்தில் பச்சையும் பழுப்பும்தான் மிஞ்சும். குறியீடே அச்சிடாத பெட்டியை வாங்காதீர்கள். கடைக்காரரிடம் கேட்டால் "எல்லாம் நல்ல கலர்தான் சார்" என்பார். அவர் மேல் தப்பில்லை, அவர் வரைவதில்லை.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு பட்டை தீட்டி, பாதியை அட்டையால் மூடி, மேற்குப் பார்த்த ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். நிலைக்காத சிவப்பும் பளீர் ரோஸும் சென்னை வெயிலில் சில வாரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது வழிதான் எங்களுக்குப் பிடித்தது: காலி தகரப் பெட்டியும் காலி அரைப் பான்களும் வாங்கி, தேவையான டியூப் கலரை நாமே நிரப்புவது. அரைப் பானில் ஏறத்தாழ 2 மில்லி பிடிக்கும். 5 மில்லி டியூப் ஒன்று இரண்டு பானுக்கு வரும். ஒரே மூச்சில் நிரப்பினால் மேலே தோல் கட்டி, நடுவில் குழி விழுந்து, வெடித்துப் பெயர்ந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு பிதுக்கி, பல்குச்சியால் கிளறிக் காற்றுக் குமிழியை எடுத்து, ஒரு நாள் உலரவிட்டு அடுத்த அடுக்கைப் போடுங்கள். வெடிக்கிற ரகமாக இருந்தால் ஒரு சொட்டு கிளிசரின், மருந்துக் கடையில் கிடைப்பதுதான். அதற்கு மேல் விட்டால் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும்.

தேன் சேர்த்த வெளிநாட்டு வண்ணங்களுக்கு நல்ல பெயர் உண்டு, பிரஷ் பட்டதும் கரைந்து வரும். ஆனால் சென்னை, பினாங்கு மாதிரி கசகசக்கும் ஊரில் அவை பானில் முழுதாகக் காய்வதே இல்லை. பெட்டியை நிறுத்தி வைத்தால் மஞ்சள் வழிந்து நீலத்துக்குள் போய்விடும். குளிர் நாட்டுக்காரர்களின் பாராட்டை நம்பி வாங்க வேண்டாம். எந்த ரகமானாலும் ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். அறைக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து ஃபேனுக்கு அடியில் வையுங்கள்.

எத்தனை நிறம்? யாழ்ப்பாணத்துக்கு ஆறே போதும்: அல்ட்ராமரின், பர்ன்ட் சியன்னா, மஞ்சள் ஆக்கர், ஒரு பளிச் மஞ்சள், குவினாக்ரிடோன் ரோஸ், செருலியன் மாதிரி ஒரு வெளிர் நீலம். செம்மண் பர்ன்ட் சியன்னாவில் சிட்டிகை ரோஸ் சேர்த்தால் கிடைக்கும்; மழைக்குப் பிந்தைய செம்மண்ணுக்குத் துளி அல்ட்ராமரின் கூட்டுங்கள். பனையோலையைப் பெட்டியில் இருக்கும் ரெடிமேட் பச்சையில் தீட்டாதீர்கள், ஓலையின் நிறம் சாம்பல் கலந்த பச்சை. அல்ட்ராமரினும் ஆக்கரும் போதும். கிடுகு (பின்னிய தென்னோலை) வேலிக்கு வயதைப் பார்த்து நிறம்: புதிதென்றால் வைக்கோல் நிறம், ஒரு மழைக்காலம் கண்டது என்றால் சாம்பல். சுண்ணாம்புச் சுவரை வெள்ளையாக விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்வது. நிழலில் இருக்கும் வெள்ளைச் சுவர் லேசான ஊதா. அதன் அடியில் இரண்டு மூன்று அடி உயரத்துக்கு முற்றத்துச் செம்மண் பட்டுத் தெறித்த வெளிச்சம் இளஞ்சிவப்பாகத் தெரியும். அந்த இளஞ்சிவப்பைப் பிடித்துவிட்டால் வெயிலும் தரையும் தானாக வந்துவிடும்.

பினாங்குக்கென்று இன்னொரு நீலம் வேண்டாம். ஜார்ஜ் டவுன் பழைய நகரம் 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறியது; அங்குள்ள கடைவீடுகளில் சுண்ணாம்பில் நிறப்பொடி கலந்து பூசிய சுவர்கள் இன்னும் உண்டு, நீலம், மஞ்சள், வெளிர்பச்சை என்று. சுண்ணாம்புப் பூச்சு ஒரே சீராக இருக்காது, மேகம் மேகமாக இருக்கும். துகள் துகளாகப் படியும் அல்ட்ராமரின் அந்தத் திட்டுத் தன்மையைத் தானே கொடுக்கும்; தாளைக் கறையாக்கி ஒட்டிக்கொள்ளும் தாலோ நீலம், பிபி15, கொடுக்காது. அஞ்சடி எனப்படும், கடைவீட்டு முன்னால் கூரையிட்ட நடைபாதையின் நிழலுக்குக் கறுப்பு வாங்க வேண்டாம், அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கெட்டியாகக் கலந்தால் அதைவிட உயிருள்ள இருட்டு கிடைக்கும்.

தாள்

மாணவர் ரக வண்ணமும் நல்ல தாளும் சேர்ந்தால் படம் தேறிவிடும். உயர் ரக வண்ணத்தை மோசமான தாளில் வைத்தால் தேறாது. தடிமன் 300 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறைய வேண்டாம். அதே 300இலும் இரண்டு சாதி: மரக்கூழ், பருத்தி. மரக்கூழ்த் தாள் முதல் பூச்சை அழகாக வாங்கும், இரண்டாவதில் தடுமாறும், மூன்றாவதில் சுரண்டிக்கொண்டு வரும். பருத்தித் தாள் விலை பல மடங்கு. ஆனால் ஈரத்தை நெடுநேரம் தாங்கும், தப்பான பூச்சை ஈரப் பிரஷ்ஷால் துடைத்து எடுக்கலாம். ஆர்ச்சஸ் மாதிரி, வண்ணத்தை உடனே உறிஞ்சிவிடாதபடி ஜெலட்டின் பசையூட்டிய பருத்தித் தாள் இந்த வேலைக்கு முதல் தரம். நம் பக்கத்தில் கையால் செய்யும் பருத்தித் தாள்களும் நல்லவைதான், ஆனால் பசையூட்டல் ஒரு தாளுக்கு ஒரு தாள் மாறும். மொத்தமாக வாங்குமுன் ஒரே ஒரு தாள் வாங்கிச் சோதியுங்கள்.

சென்னையில் தாள் வாங்குவதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. புழுக்கத்தில் வருஷக்கணக்காகக் கிடந்த தாளின் பசை செத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. வண்ணம் தொட்டதும் மை உறிஞ்சும் தாள் மாதிரி இழுத்துக்கொண்டு கறுப்புப் புள்ளிகளாக நிற்கும். அதனால் மேல்தட்டில் தூசி படிந்த அட்டையை எடுக்காதீர்கள். வாங்கிய அன்றே ஒரு மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். முத்து மாதிரி கொஞ்ச நேரம் நின்றால் சரி, உடனே பரவி இருண்டால் தாளைத் திருப்பிக் கொடுங்கள். வீட்டில் ஜிப் கவரில், ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

ஆண்டர்சன் தெருவில் முழுத்தாள் வாங்கி அளவுக்கு வெட்டிக்கொண்டால் புத்தகமாக வாங்குவதைவிடச் சிக்கனம். சுருள் கம்பி நோட்டு நெளியும். நான்கு பக்கமும் ஒட்டிய பிளாக் நெளியாது, ஆனால் மேல்தாள் காயும் வரை அடுத்ததைத் தொட முடியாது. பயணத்துக்கு எங்கள் பரிந்துரை: 7க்கு 10 அங்குலத்தில் வெட்டிய தாள்கள், அதைவிடச் சற்றுப் பெரிய கோரோபிளாஸ்ட் (லேசான பிளாஸ்டிக்) அட்டை ஒன்று, ஒட்ட மாஸ்கிங் டேப். யாழ்ப்பாணம் போகும் விமானம் ஏடிஆர் என்கிற சின்ன ரகம். மேலே இருக்கும் அறையில் ஏ3 அட்டை நுழைவது சிரமம். டேப்பை நேராகத் தாளில் ஒட்டினால் வெக்கையில் பசை இறுகி, பிரிக்கும்போது தாளையும் உரித்துவிடும். ஒருமுறை சட்டையில் ஒட்டி எடுத்துப் பிசின் குறைந்த பிறகு ஒட்டுங்கள்.

பிரஷ்

8ஆம் அல்லது 10ஆம் எண் உருண்டைப் பிரஷ் ஒன்று, அரை அங்குலத் தட்டை ஒன்று, பனையோலைக்கும் மின்கம்பிக்கும் நீள முடிக் கோட்டுப் பிரஷ் ஒன்று. எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எண்ணைப் பார்க்காமல் பருமனைப் பாருங்கள். செயற்கை முடியே தாராளம். 'இயற்கை முடி' என்று மட்டும் சொல்லி எந்த விலங்கு என்று சொல்லாத பிரஷ்ஷை விட்டுவிடுங்கள். கீரி முடியில் செய்த பிரஷ்ஷை விற்பதும் வாங்குவதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டுவது வேண்டாத வம்பு.

கைப்பிடியில் தண்ணீர் நிரப்பும் வாட்டர் பிரஷ் குறிப்பெடுக்க வசதி, பெரிய வானம் போட உதவாது. பாதி நிரப்பி விமானத்தில் ஏறினால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து தண்ணீரை வெளியே தள்ளும். காலியாகக் கொண்டுபோங்கள்.

முக்காலி

பெயின்ட் கடையில் கிடைக்காது, கேம்பிங் சாமான் விற்கும் கடையிலோ ஆன்லைனிலோ பார்க்க வேண்டும். இருந்தாலும் இந்தப் பட்டியலில் இதற்குத்தான் முழு மதிப்பெண்.

திரும்பிப் போகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றே: "வீடு இவ்வளவு சின்னதா?" வீடு சுருங்கவில்லை, கண் மேலே போய்விட்டது. ஆறு வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 105 சென்டிமீட்டரில் இருக்கும். நின்று வரைகிற பெரியவரின் கண் 150ஐத் தாண்டும். படத்தில் தொடுவானக் கோடு கண் மட்டத்தில் விழுவதால், நின்று வரைந்தால் திண்ணையின் மேல்பரப்பு, கிணற்றுக் கட்டு, விறாந்தைத் தரை எல்லாம் குனிந்து பார்த்த மாதிரி அகலமாகத் தெரியும். வாசல் நிலையும் கூரையும் அடங்கிப்போகும். நினைவில் இருப்பதோ நேர் எதிர்: திண்ணை நெஞ்சு மட்டம், நிலைக்கதவு அண்ணாந்து பார்க்கும் உயரம்.

உட்கார்ந்தவரின் கண் இருக்கைக்கு மேலே சுமார் 75 சென்டிமீட்டரில் இருக்கும். ஆகவே இருக்கை 30 சென்டிமீட்டர் உயரமுள்ள முக்காலியில் உட்கார்ந்தால் கண் சரியாக அந்த 105க்கு வந்துவிடும். கடையில் அதிகம் கிடைப்பது 40, 45 சென்டிமீட்டர் உயரமுள்ளவை. டேப் வைத்து அளந்து வாங்குங்கள். துணி இருக்கை எடையில் தொய்யும், உட்கார்ந்து பார்த்து அளப்பது நல்லது. முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் சாதாரண நாற்காலியில் உட்கார்ந்து, போனைக் கயிற்றில் கட்டியோ கையை இறக்கியோ 105 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, அதைப் பார்த்துக் கோடு போடலாம். முக்காலியின் மூன்று கால்களும் மணலில் புதையும். அடியில் டென்னிஸ் பந்தைக் கீறி மாட்டிவிட்டால் நிற்கும்.

போன் கேமராவின் சாதாரண லென்ஸ் அகலக்கோணம். கிட்ட நின்று எடுத்தால் வீட்டின் மூலைகள் இழுபட்டுத் தெரியும், அதைப் பார்த்து வரைந்தால் தூண்கள் சாயும். தள்ளி நின்று 2எக்ஸில் எடுங்கள். போன் தானாக வெள்ளையைச் சரிசெய்து மாலை வெயிலின் மஞ்சளைக் கழுவிவிடும், நிறத்துக்கு அதை நம்பாதீர்கள்.

அங்கே போய் என்ன செய்வது

முழுப் படத்தை அங்கேயே முடிக்கப் பார்க்க வேண்டாம். ஆட்கள் சுற்றி நிற்பார்கள், டீ வரும், கதை வரும். அங்கே எடுக்க வேண்டியது அளவும் நிறமும். படம் சென்னைக்கு வந்த பிறகு.

அளவுக்கு 5 மீட்டர் இஞ்ச் டேப்: திண்ணை உயரம், நிலைக்கதவின் அகலமும் உயரமும், ஜன்னல் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு, படிகள் எத்தனை, தூணுக்குத் தூண் எவ்வளவு. நாற்சார் வீடென்றால் (நடுவில் முற்றம், நான்கு பக்கமும் அறைகள்) முற்றத்தின் நீள அகலம். இவ்வளவு இருந்தால் மற்றதை உட்கார்ந்து கட்டிவிடலாம்.

நிறத்துக்குப் பருத்தித் தாளை இரண்டு அங்குலப் பட்டைகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் பஞ்சிங் மெஷினால் ஓட்டை போட்டுக்கொண்டு போங்கள். சுவர் நிறத்தைக் கலந்து ஓட்டையைச் சுற்றித் தீட்டி, காய்ந்த பிறகு ஒரு கண்ணை மூடி ஓட்டை வழியே சுவரைப் பாருங்கள். தாளும் சுவரும் ஒன்றாகி ஓட்டை மறைந்தால் நிறம் சரி. ஈரத்தில் ஒப்பிடாதீர்கள், காய்ந்ததும் ஒரு படி வெளிறும். பின்பக்கத்தில் நேரம், வெயிலா நிழலா, எதோடு எது கலந்தது என்று எழுதுங்கள்.

வீட்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருப்பார்கள், அந்தக் காலத்து நிறம் இருக்காது. அது ஒளிந்திருக்கும் இடங்கள் உண்டு: கதவுக் கீலின் பின்பக்கம், பழைய ஸ்விட்ச் பலகையின் விளிம்பு, ஜன்னல் கம்பி மரத்தில் நுழையும் இடம். அங்கே பூச்சு பெயர்ந்த ஓரத்தில் மரத்தின் வளையம் மாதிரி அடுக்கு அடுக்காக நிறங்கள் தெரியும். கிட்ட போய்ப் பாருங்கள், கத்தியால் சுரண்டாதீர்கள். இப்போது அது இன்னொருவர் வீடு. உள்ளே போகுமுன் "அக்கா, இது முந்தி நாங்கள் இருந்த வீடு. கொஞ்ச நேரம் முற்றத்தில இருந்து படம் கீறலாமோ?" என்று கேட்டால் யாழ்ப்பாணத்தில் நாற்காலியே கொண்டுவந்து போடுவார்கள். வடக்கில் இராணுவ முகாம் அருகே இருக்கும் வீடென்றால் முகாம் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள், தடை இருக்கிறது. வீடே இடிந்து கிணறும் அத்திவாரமும் மட்டும் மிஞ்சியிருந்தாலும் டேப் பயன்படும்; அத்திவாரத்தை அளந்தால் தரைப்படம் கிடைத்துவிடும்.

யாழ்ப்பாணத்துச் சோளகக் காற்றில் (தென்மேற்குக் காற்று) வானப் பூச்சு பாதியிலேயே காய்ந்து கோடு விழும். தாளை ஒரு முறைக்கு இரண்டு முறை நனைத்து, ஊறிய பிறகு தீட்டுங்கள். சின்னக் குப்பித் தண்ணீரில் இரண்டு சொட்டு கிளிசரினும் உதவும். பினாங்கில் நேர்மாறு, காயவே காயாது. பாதி காய்ந்த பூச்சில் ஈரப் பிரஷ்ஷை வைத்தால் காலிஃபிளவர் மாதிரி ஓரம் நெளிந்த கறை பூத்துவிடும். பளபளப்பு முழுதும் அடங்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பது ஒன்றே வழி.

திரும்பி வந்த பிறகு

பெரும்பாலான படங்கள் கெடுவது ஃப்ரேம் கடையில். கண்ணாடி நேராகத் தாளில் பட்டால் நம் ஊர் ஈரத்தில் வண்ணம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். நடுவில் மவுண்ட் போர்டு (படம் தெரிய ஜன்னல் மாதிரி வெட்டிய அட்டை) கேளுங்கள், அமிலமில்லாத ரகமாக. சாதா போர்டு சில வருஷத்தில் வெட்டிய ஓரத்தில் பழுப்பாகி, அந்தப் பழுப்பு தாளுக்கும் ஏறும். படத்தின் முதுகு முழுதும் ஃபெவிகால் தடவி ஹார்ட்போர்டில் ஒட்டுவது பல கடைகளில் வழக்கம். முன்கூட்டியே மறுத்துவிடுங்கள். செலோ டேப்பும் வேண்டாம். மேல் விளிம்பில் இரண்டு இடத்தில் மைதாப் பசையும் மெல்லிய தாளும் கொண்டு தொங்கவிட்டால் போதும், தாள் நீண்டு சுருங்க இடம் இருக்கும். பசையில் துளி மயில் துத்தம் சேர்ப்பது புத்தகம் கட்டுகிறவர்களின் பழக்கம், பூச்சி வராமலிருக்க. படத்துக்கு வேண்டாம், அது தாளைக் கறையாக்கும். பீடிங் எந்த டிசைன் என்பது உங்கள் இஷ்டம். மாட்டும்போது ஃப்ரேமின் கீழ் இரண்டு மூலையிலும் பின்பக்கம் பாட்டில் கார்க் துண்டு ஒட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும், ஐப்பசி மழையில் ஓதம் ஏறும் சுவரானாலும் பின்அட்டை பூஞ்சை பிடிக்காது.